ஈப்போ வகுப்பறையும் செம்மண் சாலையும்: மாணவர் நட்பைச் சித்திரிக்கும் மலேசியத் திரைப்படங்களில் தமிழ்ப் பெண்

முன்னுரை

மலேசியத் திரைப்பட வரலாற்றில் 2000ஆம் ஆண்டினை அடுத்த பத்தாண்டுக் காலம் தனிக் கவனத்திற்குரியது. எண்மக் கருவிகளின் வருகையால் படப்பிடிப்புச் செலவு குறைந்தது. பெரிய நிறுவனங்களின் ஆதரவையும் புகழ்பெற்ற நடிகர்களின் பெயரையும் நம்பாமல் இளைஞர் பலர் படமெடுக்க முன்வந்தனர். சிறுமுதலீட்டில் உருவான இப்படங்களுள் சில, பேராக் மாநிலத்தின் ஈப்போ நகரையும் பழைய ரப்பர்த் தோட்டங்களின் வாழ்வையும் திரைக்குக் கொண்டுவந்தன. யாஸ்மின் அகமது இயக்கி 2005இல் திரையரங்குகளுக்கு வந்த ‘செப்பெட்’, தீபக் குமாரன் மேனன் இயக்கி அதே ஆண்டில் வெளிவந்த ‘செம்மண் சாலை’, மீண்டும் யாஸ்மின் அகமது இயக்கி 2009இல் வெளிவந்த ‘டேலண்டைம்’ ஆகிய மூன்றும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கன.

இம்மூன்று படங்களிலும் மாணவப் பருவமே களம். ஆயினும் அக்களத்தில் தமிழ்ப் பெண் எங்கு நிற்கிறாள் என்னும் வினாவை எழுப்பினால் கிடைக்கும் விடை ஒரே தன்மையதாக இல்லை. மாணவர் நட்பைப் பேசும் படத்தில் தமிழ்ப் பெண் வகுப்பறைக்கு வெளியே, வீட்டில், தாயாகவும் தமக்கையாகவும் நிற்கிறாள். அவள் மாணவியாக நடுவில் நிற்கும் படத்திலோ பேசுபொருள் நட்பாக இல்லை. குடும்பமும் கல்வியுமே அங்குப் பேசுபொருளாகின்றன. இப்பிளவு தற்செயலானதன்று என்பதும், அதன் வேர் தோட்டப் பெண்ணின் உழைப்பு வரலாற்றில் உள்ளது என்பதும் நம் கருத்து. அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேராக் தோட்டங்களும் பெண்ணின் கூலியும்

மலாயாவில் ரப்பரின் வரலாறு பேராக்கோடு நெருங்கிய தொடர்புடையது. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பெற்ற கன்றுகள் இந்நாட்டின் முதல் ரப்பர் மரங்களுள் அடங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரின் விலை உயர, தோட்டங்கள் பெருகின. கங்காணி முறையின் வழியாகத் தமிழகத்தினின்று வந்தவர்கள் அவற்றில் குடியமர்த்தப்பட்டனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்குக் கொண்டுவரப்பட்ட பின்னர்க் குடும்பமாக வருவோரின் தொகை பெருகியது. பெண்ணின் வருகை தோட்ட முதலாளிக்கு இருவகையில் ஆதாயமாயிற்று. அவள் வேலையாள், அடுத்த தலைமுறை வேலையாட்களைப் பெற்று வளர்ப்பவளும் அவளே.

எனினும் அவளது கூலி ஆணின் கூலிக்கு இணையாக நிர்ணயிக்கப்படவில்லை. எளிதிற் சென்றடையத்தக்க வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு எனவும் பெண்ணுக்கு 40 காசு எனவும் 1920களின் இறுதியில் இருந்த அடிப்படைக் கூலி, உலகப் பொருளாதார மந்தம் தொடங்கிய 1930இல் முறையே 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. கூலி உயர்ந்திருந்தபோதும் தாழ்ந்தபோதும் பெண்ணின் பங்கு ஆணின் பங்கில் ஐந்தில் நான்காகவே இருந்தமை இங்கு நோக்கத்தக்கது. ஆணுடன் ஒரே பெரட்டுக் களத்தில் நின்று, ஒரே விடியலில் நிரைக்குச் சென்று, அதே உளியால் பால்வெட்டியவளுக்கு இவ்வாறு கூலி வழங்கப்பட்டது.

கூலி பெறும் வேலையோடு அவள் நாள் முடியவில்லை. விடியுமுன் எழுந்து சமைத்தல், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விடுதல், பால்வெட்டி மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் திரட்டிச் சுமந்து சென்று நிறுவைக்குக் கொடுத்தல், ஒட்டுப்பால் எடுத்தல், வீடு திரும்பித் துணி துவைத்தல், மாலையில் மீண்டும் அடுப்பு எனத் தொடர்ந்த இவ்வேலைகளில் ஒரு பகுதி மூத்த மகளின் தோளில் இறங்கியது. தோட்டப் பெண்பிள்ளையின் கல்வியைப் பற்றிப் பேசும்பொழுது இச்செய்தியை மறக்கலாகாது. தாய் வேலைக்குச் சென்றமையால் வீட்டில் தாயின் இடத்தை நிரப்பியவள் மகளே.

பள்ளிக்குச் செல்லும் வழி

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டக்கோவை, ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரேனும் உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. சட்டம் பள்ளியைத் தந்தது. பள்ளிக்குப் பின்னர் எங்குச் செல்வது என்பதற்கு வழி காட்டவில்லை. தோட்டப் பள்ளியில் சில ஆண்டுகள் எழுத்தும் கணக்கும் பயின்ற பிள்ளை மீண்டும் நிரைக்கே திரும்புவது வழக்கமாயிற்று.

விடுதலைக்குப் பின்னர் நிலைமை படிப்படியாக மாறியது. 1960ஆம் ஆண்டின் ரகுமான் தாலிப் அறிக்கையும் 1961ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தேசியக் கல்வி முறைக்கு வடிவம் தந்தன. தொடக்கப்பள்ளிக் கட்டணம் 1962இல் நீக்கப்பட்டது. இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு 1964இல் கைவிடப்பட்டு, 1965 முதல் ஆறாம் ஆண்டை முடித்தோர் தேர்ச்சித் தடையின்றி இடைநிலைக் கல்விக்குச் செல்ல வழி பிறந்தது. தமிழ்ப்பள்ளி மாணவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயின்று படிவம் ஒன்றில் சேர்ந்தனர்.

தோட்டத்துச் சிறுமியைப் பொறுத்தவரையில் இம்மாற்றம் மிகப் பெரியது. ஆயினும் சட்டத்தின் கதவு திறந்தபோது வீட்டின் கதவும் உடன் திறந்தது எனக் கூறிவிட இயலாது. இடைநிலைப்பள்ளி நகரத்தில் இருந்தது. சுங்கை சிப்புட் போன்ற சிறு நகரைச் சுற்றிய தோட்டங்களிலிருந்து செம்மண் சாலை வழியே நடந்து, பெருஞ்சாலையை அடைந்து, பேருந்தில் ஏறிச் செல்ல வேண்டியிருந்தது. பேருந்துக் கட்டணம், சீருடை, காலணி, புத்தகம் ஆகிய அனைத்திற்கும் பணம் வேண்டும். பருவமெய்திய பெண்ணைத் தொலைவிற்கு அனுப்பலாமா என்னும் அச்சமும் இருந்தது. ஒரு பிள்ளையை மட்டுமே அனுப்ப வசதியுள்ள வீட்டில் மகனுக்கு முதலிடம் கிடைப்பது இயல்பெனக் கருதப்பட்டது.

இதே காலத்தில் தோட்ட வாழ்வின் அடித்தளமும் ஆட்டங்கண்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதால் வேலையும் வீடும் ஒருங்கே இழக்கும் நிலை ஏற்பட்டது. அதனை எதிர்கொள்ளவே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்வெட்டுத் தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டிய பங்குப் பணத்தில் பெண்களின் கூலியும் கலந்திருந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் விளைவாகக் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை உரிமம் தேவைப்பட்டது. பலர் தமிழகம் திரும்பினர். மகளைப் படிக்க வைக்கலாமா என்னும் வினா, அடுத்த ஆண்டு நாம் எங்கு இருப்போம் என்னும் வினாவோடு பின்னிக்கிடந்த காலம் அது.

ஊதியச் சமத்துவத்திற்கான போராட்டம் பெண்களிடையே எழாமலில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன், 1960இல் ஆசிரியைகளுக்கெனத் தனிச் சங்கம் அமைத்து, ஆண் ஆசிரியருக்கு இணையான ஊதியம் கேட்டுப் போராடினார். கல்வி பெற்ற பெண்ணுக்குச் சங்கமும் மேடையும் கிடைத்தன. நிரையில் நின்ற பெண் தன் வரலாற்றைத் தானே எழுதி வைக்கவில்லை. அவளை அறிய நமக்கு எஞ்சியுள்ள சான்றுகளுள் திரைப்படமும் ஒன்றாவது இக்காரணத்தினாலேயே.

‘டேலண்டைம்’: வகுப்பறைக்கு வெளியே நிற்கும் பெண்

யாஸ்மின் அகமதுவின் ‘செப்பெட்’ ஈப்போவைக் களமாகக் கொண்டது. பள்ளிப் படிப்பை முடித்த மலாய்ப் பெண் ஓர்கெட்டுக்கும், திரைப்படக் குறுவட்டு விற்கும் சீன இளைஞன் ஜேசனுக்கும் இடையே மலரும் அன்பே அதன் கதை. ஓர்கெட் தன் தோழியுடன் ஊர் சுற்றுகிறாள், வாதிடுகிறாள், வெளிநாட்டில் பயிலும் உதவித்தொகையையும் பெறுகிறாள். மாணவப் பருவத்துப் பெண்ணின் சுதந்திரத்தை இவ்வளவு இயல்பாகக் காட்டிய மலேசியப் படங்கள் அதற்கு முன்னர்க் குறைவு.

அவர் 2009இல் மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் வெளிவந்த ‘டேலண்டைம்’ ஈப்போ ஆண்டர்சன் பள்ளியில் படமாக்கப்பட்டது. பள்ளியில் நடைபெறும் கலைத்திறன் போட்டியை மையமாகக் கொண்டு பல இன மாணவர்களின் வாழ்வை இப்படம் பின்னிச் செல்கின்றது. தாய் நோயுற்றிருக்கும் ஹாபிஸ், அவன் மேல் பொறாமை கொண்டு பின்னர் அவனது பாட்டுக்குத் துணையாக இசைக்கும் காஹோ, பாடகியான மெலூர், அவளை ஒத்திகைக்கு மோட்டார் சைக்கிளில் அழைத்துச் செல்லும் செவித்திறனற்ற தமிழ் மாணவன் மகேஷ் ஆகியோர் முதன்மை மாந்தர். இனம் கடந்த மாணவர் நட்பை வரையும் மலேசியப் படங்களில் இதற்குச் சிறப்பிடம் உண்டு. தமிழர் வீட்டில் தமிழே பேசப்படுவதும் நாம் மதிக்கத்தக்க நேர்மையாகும்.

இப்படத்தில் தமிழ்ப் பெண்கள் இருவர் முதன்மை பெறுகின்றனர்: மகேஷின் தாயும் தமக்கை பவானியும். இருவரும் வீட்டிற்குரியவர்கள். பவானி தம்பியிடம் பரிவு காட்டுபவள். தாயோ, தன் தம்பி கணேஷ் திருமணத்தை ஒட்டி எழுந்த பூசலில் கொல்லப்பட்டதன் துயரை நெஞ்சில் சுமப்பவள். மகன் ஒரு முஸ்லிம் பெண்ணை விரும்புகிறான் என்று அறிந்தபோது அவள் சினம் எல்லை மீறுகின்றது. திருமண வீடும் துக்க வீடும் அடுத்தடுத்து அமைந்தமையால் எழும் அப்பூசல், 2001 மார்ச்சில் கம்போங் மேடான் பகுதியில் நிகழ்ந்த கலவரத்தை நினைவூட்டுவது. தோட்டங்களை விட்டு வெளியேறியோர் பலர் குடியேறிய புறநகர்ப் பகுதிகளுள் அதுவும் ஒன்று.

பார்வையாளர் பலரின் நினைவில் இத்தாய், அன்புக்குக் குறுக்கே நின்றவளாகவே தங்கக்கூடும். கதையின் அமைப்பு அவளை அவ்விடத்தில்தான் நிறுத்துகிறது. ஆயினும் அவளது மறுப்பு வெறும் பிடிவாதமன்று. இழப்பதற்கு மிகச் சிலவே உடையவள், இருந்தவற்றுள் ஒன்றை இழந்தபின் எஞ்சியதைக் காக்க முயல்கிறாள். படம் அவள் துயரைப் பரிவோடு காட்டுகின்றது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் உழைப்பை அது பேசவில்லை. அவள் எத்தகைய வாழ்விலிருந்து அந்த வீட்டை வந்தடைந்தாள், மகனைப் பள்ளிக்கு அனுப்ப என்ன செய்தாள் என்பன திரைக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

இதனினும் கூர்ந்து நோக்க வேண்டியது பிறிதொன்று. மலாய் மாணவனும் சீன மாணவனும் மலாய் மாணவியும் தமிழ் மாணவனும் முதன்மை பெற்ற அந்த நட்பு வட்டத்தில் தமிழ் மாணவிக்கு முதன்மையான இடமில்லை. தமிழினத்தின் சார்பில் அவ்வட்டத்தில் நிற்பவன் ஓர் ஆண்பிள்ளை, அவனும் பேச்சற்றவன். தமிழ்ப் பெண்ணுக்கு வீடு மட்டுமே எஞ்சியது.

நட்பும் நேரமும்

இவ்வின்மையை இயக்குநரின் குறையாக மட்டும் கொள்வது முறையாகாது. ஒரு படம் எல்லாரையும் காட்டக் கடமைப்பட்டதன்று. வரலாற்று நோக்கில் வேறொரு காரணத்தையும் நாம் எண்ணிப்பார்க்கலாம். மாணவர் நட்பைச் சித்திரிக்கும் படங்களில் நட்பு வளரும் இடங்கள் யாவை? பள்ளி முடிந்த பிந்திய பிற்பகல், உணவுக்கடை, ஒத்திகை அறை, மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கை ஆகியனவே. இவை அனைத்திற்கும் பொதுவானது ஓய்வு நேரம். நட்புக்கு மனம் மட்டும் போதாது. யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத நேரமும் வேண்டும்.

தோட்டத்து மாணவிக்கு இல்லாமற் போனது இந்நேரமே. பள்ளி மணி அடித்ததும் அவள் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் அடுத்த வண்டிக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். வீட்டில் தம்பி தங்கையர் காத்திருப்பர். விடுமுறை நாளில் தாயின் நிரையில் துணைக்கு நிற்பதும் உண்டு. ஆகவே ஈப்போ வகுப்பறையில் அவள் இருந்தபோதும், வகுப்பறைக்குப் பிந்திய நட்பில் அவள் பங்கு சிறிதாயிற்று. படக்கருவி பள்ளி முடிந்த நேரத்தையே பின்தொடர்ந்து செல்லுமாயின், அவள் அதன் பார்வைக்கு அகப்படாமற் போவதில் வியப்பில்லை.

அவளுக்கு நட்பு இல்லை என்பது இதன் பொருளன்று. பேருந்தின் ஒரே இருக்கையில் நெருங்கி அமர்ந்து பாடம் ஒப்பித்தவர்கள், லயத்துக் குழாயடியில் நீருக்குக் காத்திருந்தபடி பள்ளிக் கதை பேசியவர்கள், பயன்படுத்திய புத்தகத்தை அடுத்த ஆண்டு இளையவளுக்குக் கொடுத்தவர்கள் ஆகியோரின் நட்பு, வேலையின் இடுக்கில் வளர்ந்த நட்பு. ஓய்வில் வளர்ந்த நட்பினும் அது வேறு தன்மையது. மாணவர் நட்பைப் பேசும் திரைப்படம் இவ்வகை நட்பை நடுவில் வைத்துப் பேசுமாயின், நமக்கு ஒரு புதிய வரலாற்றுச் சான்று கிடைக்கும்.

‘செம்மண் சாலை’: நடுவில் நிற்கும் மாணவி

இவ்விடைவெளியின் மறுபாதியை நிரப்புவது ‘செம்மண் சாலை’. 1960களின் பிற்பகுதியில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நிகழும் கதை இது. பால்வெட்டுக் குடும்பத்தில் பிறந்த சாந்தா மேற்கல்வி பயில விரும்புகிறாள். அவள் விருப்பமும் குடும்பத்தின் வறுமையும் கதையின் இரு முனைகள். எண்மக் கருவியால் எளிமையாகப் படமாக்கப்பட்ட இப்படம் 2005இல் ராட்டர்டாம் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் இடம்பெற்றது. பிரான்சின் நாந்து நகரில் நிகழும் மூன்று கண்டங்கள் திரைப்பட விழாவிலும் சிறப்புப் பெற்றது.

சாந்தாவின் காலத்தை நாம் மேலே கண்ட கல்வி வரலாற்றோடு பொருத்தினால் ஓர் உண்மை புலப்படும். நுழைவுத் தேர்வு நடைமுறையில் இருந்த காலமும் அது நீங்கிய காலமும் சந்திக்கும் எல்லையில் நிற்கும் தலைமுறை அவளுடையது. அவளுக்கு முன்னர் இடைநிலைக் கல்வியை முடித்த தோட்டப் பெண்கள் மிகச் சிலர். அவளுக்குப் பின்னர் அத்தொகை பெருகியது. அக்காலத்தில் நாட்டின் பல்கலைக்கழகக் கல்வி பெரிதும் கோலாலம்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தையே சார்ந்திருந்தது. 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு அந்நகரில்தான் நடைபெற்றது. தமிழாராய்ச்சி உலக அரங்கேறிய அதே காலத்தில், தோட்டத்துத் தமிழ் மாணவி பல்கலைக்கழக வாயிலை எட்டுவது அரிதாகவே இருந்தது. தமிழ்க் கல்வியின் பெருமையைப் பேசும் நாம் இம்முரணையும் சேர்த்துப் பேச வேண்டும்.

‘டேலண்டைம்’ தாயை மறுப்பவளாகக் காண்பதற்கும் ‘செம்மண் சாலை’ குடும்பத்தைக் காண்பதற்கும் இடையே முக்கியமான வேறுபாடு உண்டு. பின்னதில் தடை ஒரு மனிதரின் உருவில் மட்டும் வரவில்லை. கூலியின் அளவு, வீட்டின் தேவை, தோட்டத்தின் எதிர்காலம் ஆகிய அனைத்தும் தடையாகின்றன. அன்புள்ள பெற்றோரும் இல்லை என்று சொல்ல நேரும் சூழலை நாம் காண்கிறோம். பெண்ணின் நிலையைக் குணத்தால் விளக்காமல் வாழ்நிலையால் விளக்குவதே இப்படத்தின் வரலாற்றுப் பெறுமதி எனலாம்.

பின்வந்த படங்கள்

2015இல் வெளிவந்த சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’, தோட்டத்தை இழந்தபின் நிகழ்ந்த கதையைச் சொல்கின்றது. தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பத்தில் வளரும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் அப்பாய், படிப்பிற்கும் குண்டர் வாழ்விற்கும் இடையே அலைவதை அது உணர்த்துகின்றது. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்ற முதன்மைப் படைப்பு அது. எனினும் தோட்டம் இழந்த கதை, தந்தை, சிற்றப்பன், மகன் எனப் பெரிதும் ஆண்களின் கதையாகவே அதில் விரிகின்றது. தோட்டம் போனபோது ஆயாக் கொட்டகையும் பக்கத்து வீட்டுத் துணையும் உடன் போயின. அவ்விழப்பை முதலில் உணர்ந்தவர்கள் பெண்கள். அக்கதை இன்னும் முழுமையாகச் சொல்லப்படவில்லை.

பெண்களே இயக்கிய தமிழ்ப் படங்களும் இக்காலத்தில் தோன்றின. விமலா பெருமாள் ‘விளையாட்டுப் பசங்க’ (2011), ‘வெட்டிப் பசங்க’ (2014), ‘வெடிகுண்டு பசங்க’ (2018) ஆகியவற்றை இயக்கினார். ஷாலினி பாலசுந்தரம் 2016இல் ‘கீதையின் ராதை’யை இயக்கி நடித்தார். உள்ளூர்த் தமிழ்ப் படங்களுக்குப் பார்வையாளரைத் திரட்டியதில் இவர்களின் பங்கு பெரிது. எனினும், பெண் இயக்கிய மூன்று படங்களின் தலைப்பிலும் ‘பசங்க’ என்னும் சொல்லே நிற்பது சந்தையின் எதிர்பார்ப்பை ஓரளவு காட்டுகின்றது. நண்பர் குழு என்றவுடன் ஆண்பிள்ளைகளின் குழுவே நம் மனத்தில் தோன்றும் பழக்கம், கருவியைப் பிடிப்பவர் மாறியவுடன் தானே மாறிவிடுவதில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், மாணவர் நட்பைப் பேசும் படத்தில் தமிழ்ப் பெண் வீட்டு வாயிலில் நிற்பதும், மாணவியாக அவளைக் காட்டும் படம் நட்பை நடுவில் வைக்காமையும் ஒரே வரலாற்றின் இரு முகங்கள் என்பது பெறப்படும். ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு பெற்ற தாயின் உழைப்பும், அவள் இடத்தை வீட்டில் நிரப்பிய மகளின் நேரமின்மையும் அவ்வரலாற்றின் உள்ளடக்கம். திரையில் மறுப்பவளாகத் தோன்றும் தாய், வரலாற்றில் மகனின் பேருந்துக் கட்டணத்தை ஈட்டியவளாகவும் இருக்கக்கூடும். அவ்விரு உருவங்களையும் ஒன்றாகக் காண மாணவரைப் பழக்குவது ஆசிரியரின் கடமை.

இப்படங்களை வகுப்பறையில் பயன்படுத்தும் தமிழாசிரியர், கதைமாந்தர் பண்புநலன் எழுதச் சொல்வதோடு நிறுத்த வேண்டியதில்லை. இப்பெண்ணின் ஒரு நாள் எவ்வாறு கழிந்திருக்கும், அவளுக்கெனத் தோழி இருந்தாளா, அத்தோழியை எங்குச் சந்தித்திருப்பாள் என்னும் வினாக்களையும் எழுப்பலாம். அவ்வினாக்களைத் தம் பாட்டியிடமே கேட்டு எழுதிவருமாறு பணிக்கலாம். சாந்தாவின் தலைமுறையினர் இன்று எழுபது வயதைக் கடந்துவிட்டனர். அவர்கள் வாழ்ந்த லயங்கள் பல இடிக்கப்பட்டு, ரப்பர் நின்ற இடத்தில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் தோன்றியுள்ளன. பேராக்கில் எஞ்சியுள்ள அப்பெண்களின் பள்ளி நினைவுகளையும் நட்பு நினைவுகளையும் அவர்கள் குரலிலேயே பதிந்து வைக்கும் பணியைப் பல்கலைக்கழகமும் பள்ளிகளும் இணைந்து காலந்தாழ்த்தாது மேற்கொள்ளுதல் வேண்டும்.